படிவத்தில் எழுதுவதே பதிப்பாகிறது: கட்டுரையாளர் பார்வையில் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்

எவரும் கட்டணமின்றி இணையத்தில் வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பியவர்களில் பலர், அதன் பெயரை அறியாமலேயே, ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருப்பார்கள். சுருக்கமாக ஓஜேஎஸ் என்று அழைக்கப்படும் இதைப் பற்றி இதழாசிரியர்களும் நூலகர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள்; இதழை நடத்துபவருக்கு இது எவ்வளவு செலவை மிச்சப்படுத்துகிறது, எப்படி நிறுவுவது என்பவை அவர்களுடைய அக்கறைகள். கட்டுரையை எழுதி முடித்து, அதை ஒழுங்குபடுத்தி, தளத்தில் ஏற்றி, பதிலுக்குக் காத்திருக்கும் ஆய்வாளரின் பக்கமிருந்து இதை மதிப்பிட்டு எழுதப்பட்டவை குறைவு. ஆய்வு மாணவர்கள் இந்தத் தளங்களில் கட்டுரை சமர்ப்பிக்கும்போது அருகில் இருந்து உதவிய பட்டறிவைக் கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் வில்லின்ஸ்கி 1998இல் தொடங்கிய பொது அறிவுத் திட்டம் என்ற முயற்சியின் விளைவாக, 2001இல் ஓஜேஎஸ்ஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. அந்தத் திட்டம் பின்னர் அதே மாநிலத்தின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டது. இன்று நாம் காணும் தோற்றம் 2016இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்து வருவது. மென்பொருள் கட்டற்றது, எவரும் இறக்கிக்கொண்டு தம் வழங்கியில் (சர்வரில்) நிறுவலாம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 25,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இதில் இயங்கின. கட்டுரையாளரிடமும் வாசகரிடமும் கட்டணம் பெறாமல் பல்கலைக்கழகத் துறைகளும் கற்றோர் சங்கங்களும் நடத்தும் இதழ்களில் பெரும்பகுதி இதைத்தான் நம்பியிருக்கிறது.

இதன் அமைப்பில் உள்ள ஒரு தனித்தன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கட்டுரையாளருக்கு இதன் நன்மையும் தீமையும் அதிலிருந்தே பிறக்கின்றன. பெரிய வணிகப் பதிப்பகங்கள் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன் போன்றவை கட்டுரையைப் பெற்று மதிப்பாய்வுக்கு அனுப்பும் வேலையோடு நின்றுவிடுகின்றன. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு அது பதிப்பகத்தின் தயாரிப்புப் பிரிவுக்குச் செல்கிறது; அங்கே சம்பளம் பெறும் பணியாளர்கள் பெயர்களையும் நிறுவன முகவரிகளையும் மேற்கோள்களையும் சரிபார்த்து, வெளியிடும் தளத்திற்கு வேறொரு வழியில் அனுப்புகிறார்கள். ஓஜேஎஸ்ஸிலோ சமர்ப்பிப்பு, மதிப்பாய்வு, செம்மையாக்கம், வெளியீடு என எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் நடக்கின்றன. சமர்ப்பிக்கும் நாளில் கட்டுரையாளர் படிவத்தில் எழுதும் தலைப்பும், ஆசிரியர் பெயரும், ஆய்வுச் சுருக்கமும், திறவுச்சொற்களும், யாரும் குறுக்கிட்டுத் திருத்தாவிட்டால், அப்படியே இதழின் பொதுப் பக்கத்தில் வெளியாகின்றன. அங்கிருந்து, கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப்பின் பதிவுக்கும், கூகுள் ஸ்காலருக்கும், நூலகத் தேடல் தளங்களுக்கும் போய்ச் சேர்கின்றன. சம்பளமில்லாமல் இதழ் நடத்தும் பேராசிரியர் ஒருவருக்குப் படிவத்தின் ஒவ்வொரு புலத்தையும் (நிரப்பும் கட்டத்தையும்) மீண்டும் சரிபார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஆகவே நம்மவர்கள் அலுப்போடு வேகமாக நிரப்பிவிட்டுக் கடந்துபோகும் அந்தப் படிவம்தான் உண்மையில் கட்டுரையின் பதிப்பு. நாம் அரும்பாடுபட்டு அழகுபடுத்திய வேர்ட் கோப்பு அதன் இணைப்பு. ஓஜேஎஸ்ஸைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுதான்.

சமர்ப்பிக்கும் படிகள் சிக்கலானவை அல்ல. தளத்தில் கணக்குத் தொடங்கி, இதழின் பிரிவையும் மொழியையும் தேர்ந்தெடுத்து, சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள வாசகங்களுக்கு ஒப்புதல் தந்து, கோப்பை ஏற்றி, விவரங்களை நிரப்பி, இறுதி உறுதிமொழியுடன் அனுப்ப வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு வந்து தொடரலாம். 2023இல் வந்த 3.4 பதிப்பில் இந்தப் பகுதி நன்றாகத் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது: அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டி, எது விடுபட்டிருக்கிறது என்பதைச் சுட்டுகிறது. பழைய பதிப்புகளில் நிறுத்தியிருக்கும் இதழ்களில் அந்த வசதி இல்லை. அங்கே கட்டுரையாளரே ஒவ்வொரு புலத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்காமலேயே எல்லாப் பெட்டிகளிலும் குறியிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் முதல் வாசகம் பெரும்பாலும், இந்தக் கட்டுரை இதற்கு முன் வெளியாகவில்லை, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இப்போது இல்லை என்பதாக இருக்கும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே காலத்தில் அனுப்புவது ஆய்வு நெறிமீறலாகக் கருதப்படுகிறது. பிற்பாடு தெரியவந்தால் வெளியான கட்டுரையையே திரும்பப் பெற நேரிடும். கருத்தரங்கத் தொகுப்பில், நூல்களுக்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணுடன் ஏற்கெனவே வெளிவந்த கட்டுரையைச் சற்றே மாற்றி இதழுக்கு அனுப்பும் வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. அப்படிப்பட்ட கட்டுரையாக இருந்தால், இதழாசிரியருக்குக் குறிப்பு எழுதத் தரப்பட்டுள்ள பெட்டியில் அதை வெளிப்படையாகச் சொல்லி, எவ்வளவு பகுதி புதியது என்று விளக்கிவிடுவதே முறை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தாலும் அங்கேயும் கட்டுரையின் உள்ளேயும் குறிப்பிட வேண்டும். அத்தகைய கருவியை ஆசிரியராகக் காட்டக் கூடாது என்பதில் பதிப்பு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023இலேயே தெளிவான நிலைப்பாடு எடுத்துவிட்டது.

இனி ஆசிரியர் பெயர். தமிழ்க் கட்டுரையாளர்கள் மிகுதியாக இழப்பது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். மேலைநாட்டுப் படிவங்கள் இயற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. நமக்கோ குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ தலைப்பெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. க. முத்துச்செல்வி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இயற்பெயர்க் கட்டத்தில் முத்துச்செல்வி என்றும், குடும்பப்பெயர்க் கட்டத்தில் கே என்ற ஒற்றை எழுத்தையும் ஆங்கிலத்தில் அவர் நிரப்பினால், கட்டுரைப் பக்கத்தில் தானாக உருவாகும் மேற்கோள் வடிவத்தில் அவர் பெயர் கே., எம். என்றுதான் வரும். அவருடைய முழுப்பெயர் மேற்கோள்களிலிருந்து காணாமல் போய்விடும். அதே தலைப்பெழுத்துகள் கொண்ட எண்ணற்றவர்களோடு அவர் கலந்துவிடுவார். பிறர் அவரை மேற்கோள் காட்டும்போதும் அந்த இரண்டு எழுத்துகளே பரவும். இன்னொரு கட்டுரையில் அதே ஆய்வாளர் கட்டங்களை மாற்றி நிரப்பினால், தேடுபொறிகள் அவரை இரண்டு பேராகக் கணக்கிடும்.

இந்தச் சிக்கலை ஓஜேஎஸ்ஸை உருவாக்கியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்பது என் மதிப்பை உயர்த்துகிறது. 2019இல் வந்த 3.1.2 பதிப்பிலிருந்து குடும்பப்பெயர் கட்டாயமில்லை; பொதுவில் எந்த வடிவத்தில் தம் பெயர் காட்டப்பட வேண்டும் என்று எழுதுவதற்குத் தனிக் கட்டமும் இருக்கிறது. உலகில் எல்லாருக்கும் குடும்பப்பெயர் இருப்பதில்லை என்பதை இவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொண்ட படிவங்கள் அதிகமில்லை. ஆனால் கிராஸ்ரெஃப் போன்ற வெளிப்பதிவுகள் குடும்பப்பெயர் என்ற புலத்தை இன்னும் கட்டாயமாகக் கேட்கின்றன. எனவே நான் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் வழி இது: குடும்பப்பெயர்க் கட்டத்தில் தம் சொந்தப் பெயரையும், இயற்பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தையோ தந்தையின் முழுப்பெயரையோ இடுங்கள், பொதுவில் காட்டும் பெயராக நீங்கள் வழக்கமாக எழுதும் வடிவத்தையே தாருங்கள், எந்த முறையைத் தேர்ந்தாலும் வாழ்நாள் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். இதோடு ஆர்கிட் எண்ணையும் இணைத்துவிட வேண்டும். 2012இல் தொடங்கப்பட்ட இந்தப் பதினாறு இலக்க அடையாளம் இலவசமானது. திருமணத்தாலோ சான்றிதழ்ப் பிழையாலோ பெயர் மாறினாலும் கட்டுரைகள் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க அது உதவும்.

உடன் ஆசிரியர்களின் பெயர்களையும் படிவத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கோப்பின் முதல் பக்கத்தில் மூன்று பெயர்களை அச்சிட்டுவிட்டு, படிவத்தில் தம் பெயரை மட்டும் நிரப்பிவிட்டுச் செல்லும் கட்டுரையாளர்கள் உண்டு. அவ்வாறு மற்றவர்கள் விடுபட்டு இதழாசிரியரும் கவனிக்காமல் போனால், பிடிஎஃப் கோப்பில் மூவரும் இருப்பார்கள். கிராஸ்ரெஃப்பிலும் கூகுள் ஸ்காலரிலும் ஒருவரே இருப்பார். வழிகாட்டியின் பெயர் விடுபட்டு அதனால் மனத்தாங்கல் எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர்களின் வரிசையையும், தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே மாற்றியமைக்கலாம். சமர்ப்பித்த பிறகு, இதழாசிரியர் அனுமதி தந்தாலன்றிக் கட்டுரையாளரால் இந்த விவரங்களைத் திருத்த முடியாது என்பதால், அனுப்புவதற்கு முன்பே உடன் ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

திறவுச்சொற்கள் புலத்தில் ஒவ்வொரு சொல்லையும் எழுதியபின் என்டர் விசையை அழுத்த வேண்டும். கோப்பிலிருந்து ஆறு சொற்களை மொத்தமாக வெட்டி ஒட்டினால் பல தளங்களில் அவை ஒரே நீண்ட சொல்லாகப் பதிவாகின்றன. மேற்கோள் பட்டியலை ஒட்டுவதற்கான புலம் எல்லா இதழ்களிலும் இருக்காது. இருந்தால் அதை வெறுமையாக விடக் கூடாது. ஒரு நூலுக்கு ஒரு வரி என்ற முறையில், இடையில் உடைபடாமல் ஒட்ட வேண்டும். இதழ் அந்தப் பட்டியலைக் கிராஸ்ரெஃப்பில் பதியும்போது, நீங்கள் மேற்கோள் காட்டிய அறிஞரின் கட்டுரையோடு உங்கள் கட்டுரை இணைக்கப்படும். ஸொட்டேரோ போன்ற இலவச மேற்கோள் மேலாண்மைக் கருவியைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துபவர்களுக்கு இது சில நிமிட வேலை. அந்தக் கருவியிலும் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே புலமாக வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது என்பதைத் தமிழ் நூல்களை மேற்கோள் காட்டுபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு எழுத்துருவே மிகப் பெரிய தடை. 2010இலேயே தமிழ்நாடு அரசு, உலகப் பொதுக் குறியாக்கமான ஒருங்குறியையும் (யுனிகோட்) டேஸ்-16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரங்களாக அறிவித்துவிட்டது. ஆனாலும் தமிழ்த் துறைகளில் பாமினியும் அதைப்போன்ற பழைய எழுத்துருக்களும் இன்றும் புழங்குகின்றன. தட்டச்சு நிலையங்களில் கொடுத்து வாங்கும் கோப்புகளில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கின்றன. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. வேர்டில் பார்க்கும்போது தமிழாகத் தெரியும் ஆய்வுச் சுருக்கம், ஓஜேஎஸ்ஸின் புலத்தில் ஒட்டியவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும். அதைக் கண்டு பதறும் கட்டுரையாளர் தமிழ்ச் சுருக்கத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிச் சமர்ப்பித்துவிடுகிறார். விளைவாக, சங்க இலக்கியத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஆய்வு, தமிழில் தேடுபவருக்கு என்றைக்கும் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது, ஏனெனில் பிழை மென்பொருளில் இல்லை, தீர்வும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் முழுக் கோப்பையும் ஒருங்குறிக்கு மாற்றித் தரும். மாற்றியபின் மூன்று இடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் இணைய முகவரிகளும் தமிழ் எழுத்துகளாகச் சிதைந்திருக்கும். மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும் இடம் மாறியிருக்கும். ஒகர ஓகார உயிர்மெய்கள் சில இடங்களில் பிரிந்து நிற்கும். இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. ஒருங்குறியில் எழுதப்பட்டிருந்தாலும் தமிழ்ப் பிடிஎஃப் கோப்புகளிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும்போது கொம்புகளும் கால்களும் வரிசை மாறி வருவது வழக்கம். அதனால் கோப்பின் உள்ளே இருக்கும் தமிழைத் தேடுபொறிகள் முழுமையாக நம்ப முடியாது. படிவத்தில் எழுதப்பட்ட தலைப்பும் சுருக்கமும் திறவுச்சொற்களும் சுத்தமான தமிழாக இருப்பதால் அவையே தேடலுக்குப் பிடிமானம். இதழ் இரண்டு மொழிகளை அனுமதித்திருந்தால் ஒவ்வொரு புலத்திற்கும் தமிழ், ஆங்கிலம் என இரண்டு இடங்கள் திறக்கும். இரண்டையும் நிரப்ப வேண்டும். ஆங்கிலச் சுருக்கம் தமிழ்ச் சுருக்கத்தின் வரிக்கு வரி மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டியதில்லை. அகத்திணை, மெய்ப்பாடு போன்ற கலைச்சொற்களை ஒலிபெயர்த்துத் தந்து, அருகில் ஒரு தொடரில் விளக்கினால் வெளிநாட்டு வாசகருக்கும் பயன்படும்.

கோப்பைப் பொறுத்தவரை, இதழ் தரும் வார்ப்புருவைப் பின்பற்றுவது, படங்களைப் போதிய தெளிவில் தருவது, அட்டவணைகளைப் படமாக ஒட்டாமல் அட்டவணையாகவே அமைப்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. பெயர் மறைத்த மதிப்பாய்வு பற்றி மட்டும் ஒரு சொல். முதல் பக்கத்தில் பெயரை நீக்கினால் போதாது. வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தங்கியிருக்கும். கோப்பைச் சோதிக்கும் வசதியைப் பயன்படுத்தி அதை அகற்ற வேண்டும். 'என் முந்தைய கட்டுரையில் நான் காட்டியதுபோல' என்று எழுதும் தொடர்களும், நன்றியுரையில் வழிகாட்டியைக் குறிப்பிடுவதும், கோப்பின் பெயரிலேயே தம் பெயரை வைப்பதும் அடையாளத்தை வெளிப்படுத்திவிடும். இதற்கான வழிமுறையை ஓஜேஎஸ் தானே வழங்குகிறது. இதழின் சமர்ப்பிப்புப் பக்கத்தில் பொதுவாக அதற்கு இணைப்பு இருக்கும்.

சமர்ப்பித்த பிறகு கட்டுரை சமர்ப்பிப்பு, மதிப்பாய்வு, செம்மையாக்கம், தயாரிப்பு என்ற நான்கு நிலைகளில் நகர்வதைத் தம் பக்கத்தில் காணலாம். இதில் என் முதல் குறை இருக்கிறது. மதிப்பாய்வாளர்களின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்ற ஒரு வரி மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும். மதிப்பாய்வாளர் கிடைத்துவிட்டாரா, தேடிக்கொண்டிருக்கிறார்களா, ஒரு கருத்துரையாவது வந்ததா என்பவை கட்டுரையாளருக்குத் தெரிவதில்லை. பெயர்களை மறைப்பது தேவை என்பதை ஏற்கிறேன். எத்தனை பேரிடமிருந்து கருத்துரை வந்துள்ளது என்ற எண்ணிக்கையைக் காட்டுவதால் எந்த மறைவும் குலையாது. முனைவர் பட்டத்திற்கான காலக்கெடுவோடு போராடும் மாணவருக்கு அந்தச் சிறு தகவல் பெரிய ஆறுதல். இப்போதைக்கு ஒரே வழி, கலந்துரையாடல் என்ற பகுதியில் புதிய உரையாடலைத் தொடங்கி, ஆசிரியர் குழுவைப் பெறுநராகச் சேர்த்து, கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவாகக் கேட்பது. மின்னஞ்சலில் கேட்பதைவிட இது மேல், ஏனெனில் உரையாடல் கட்டுரையோடு பதிந்துவிடுகிறது. இதழாசிரியர் மாறினாலும் அடுத்தவர் அதைக் காண்பார். கட்டுரையைத் திரும்பப் பெற விரும்பினாலும் அங்கேயே எழுதி, எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

திருத்தம் கோரி முடிவு வந்தால், திருத்திய கோப்பை மதிப்பாய்வு நிலையில் உள்ள திருத்தங்கள் என்ற இடத்தில் ஏற்ற வேண்டும். புதிய சமர்ப்பிப்பாக மறுபடியும் அனுப்புபவர்கள் மிகப் பலர். அப்படிச் செய்தால் புதிய எண் விழுந்து, பழைய மதிப்பாய்வோடு தொடர்பறுந்து, கட்டுரை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அந்த இடம் திரையின் கீழ்ப்பகுதியில், முதன்முறை பார்ப்பவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாத வகையில் இருப்பது வடிவமைப்பின் குறையே. ஏற்றியபின் கலந்துரையாடலிலும் ஒரு வரி எழுதி, மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்துக்கும் என்ன செய்தோம் என்பதை விளக்கும் மறுமொழிக் கோப்பை இணைப்பது நல்ல வழக்கம்.

இரண்டாவது குறை மின்னஞ்சல். பல இதழ்கள் தம் கல்லூரி வழங்கியிலிருந்தே கடிதங்களை அனுப்புகின்றன. வழங்கி சரியாக அமைக்கப்படாவிட்டால் ஏற்புக் கடிதம்கூட எரிதப் (ஸ்பேம்) பெட்டியில் விழும். முடிவு வந்து பதினைந்து நாள் கெடுவும் முடிந்த பின்னரே கடிதத்தைக் கண்டுபிடித்த மாணவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சலை எதிர்பார்க்காமல் வாரம் ஒருமுறை தளத்தில் நுழைந்து பார்ப்பது பாதுகாப்பு. மூன்றாவது, தனித்தனியாக நிறுவப்பட்ட ஒவ்வொரு தளத்திற்கும் தனிக் கணக்கு வேண்டியிருப்பது. மென்பொருள் ஒன்றாக இருந்தாலும் தளங்கள் ஒன்றையொன்று அறியா. ஆய்வாளரின் விவரங்கள் பல இடங்களில் பல நிலைகளில் தேங்கிவிடுகின்றன.

இத்தனையும் மென்பொருளைப் பற்றியவை. இதழைப் பற்றிய நம்பிக்கை வேறு. ஓஜேஎஸ்ஸை எவரும் நிறுவலாம் என்பதால், பணம் பறிக்கும் போலி இதழ்களும் அதே முகப்போடு, அதே சரிபார்ப்புப் பட்டியலோடு, அதே நான்கு நிலைகளோடு இயங்குகின்றன. அழகாக அமைந்த சமர்ப்பிப்புப் பக்கம் எந்த மதிப்பாய்வுக்கும் சான்றாகாது. இந்திய ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலைச் சார்ந்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை மானியக் குழு கைவிட்டுவிட்டதால், இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிறுவனங்களிடமும் ஆய்வாளரிடமும் திரும்பியிருக்கிறது. எனவே கோப்பை ஏற்றுவதற்கு முன் சில சோதனைகளைச் செய்தாக வேண்டும். 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் கோவையான டோவாஜில் இதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். அது 2014இல் தன் நிபந்தனைகளைக் கடுமையாக்கி, மீண்டும் விண்ணப்பிக்காத ஆயிரக்கணக்கான இதழ்களை 2016இல் நீக்கியது என்பதால், அதில் இடம்பெறுவதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அதில் இல்லாத நல்ல இதழ்களும் உண்டு, குறிப்பாகத் தமிழில். அப்போது, இதழ்களுக்கு அடையாள எண் தரும் ஐஎஸ்எஸ்என் தளத்தில் இதழின் எண்ணையும் பெயரையும் ஒப்பிடுங்கள். அந்த இதழின் முந்தைய வெளியீடுகளில் உள்ள இரண்டு கட்டுரைகளின் டிஓஐ எண்களைச் சொடுக்கி அவை சரியான பக்கத்துக்குப் போகின்றனவா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகக் காட்டப்படும் பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றே நாளில் மதிப்பாய்வு முடியும் என்று உறுதி தரும் இதழில் மதிப்பாய்வு நடப்பதில்லை.

கட்டணத்தையும் உரிமத்தையும் ஏற்றுவதற்கு முன்பே படிக்க வேண்டும். திறந்த அணுக்கம் என்றாலே பணம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நேச்சர் இதழ் 2020இல் திறந்த அணுக்கக் கட்டணமாக 9,500 யூரோவை அறிவித்தது உண்மை. அதே காலத்தில் கட்டணமே இல்லாத இதழ்கள் உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டதும் உண்மை. ஓஜேஎஸ்ஸின் சிறப்பே அந்த இரண்டாம் வகை இதழ்களைச் சாத்தியமாக்கியதுதான். இதழ் கட்டணம் கேட்கிறதா, எந்தக் கட்டத்தில் கேட்கிறது என்பது இதழைப் பற்றிய பக்கத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏற்புக் கடிதத்தோடு முதன்முறையாகத் தொகையைச் சொல்லும் இதழிலிருந்து விலகிவிடலாம். பதிப்புரிமை கட்டுரையாளரிடமே இருந்து, பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியாகிறதா என்றும் பாருங்கள். திறந்த அணுக்கம் என்று முகப்பில் எழுதிவிட்டு, ஒப்பந்தப் படிவத்தில் எல்லா உரிமைகளையும் இதழே வாங்கிக்கொள்ளும் முரண்பாடு சிறு இதழ்களில் காணப்படுகிறது. அதைக் கலந்துரையாடலில் கேட்டால் பல நேரம் இதழாசிரியரே திருத்திவிடுகிறார்.

நீடித்திருக்குமா என்ற கேள்வியும் சிறியதல்ல. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் 174 திறந்த அணுக்க இதழ்கள் இணையத்திலிருந்து அடியோடு மறைந்ததை ஓர் ஆய்வு கண்டறிந்தது. இதழாசிரியர் ஓய்வு பெறுகிறார், கல்லூரி வழங்கி மாற்றப்படுகிறது, தளப்பெயர் புதுப்பிக்கப்படவில்லை, கட்டுரைகள் போய்விடுகின்றன. ஓஜேஎஸ் இதழ்களுக்கென்றே பொது அறிவுத் திட்டம் ஓர் இலவசப் பாதுகாப்பு வலையமைப்பை நடத்துகிறது. பல நூலகங்களில் படிகளை வைத்துக் காக்கும் லாக்ஸ் என்ற நுட்பம் அதன் அடிப்படை. இதழ் அதில் சேர்ந்திருக்கிறதா என்பது இதழைப் பற்றிய பக்கத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும். இல்லையென்றால், உரிமம் அனுமதிக்கும் வரையில், வெளியான படியைத் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ செனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்திலோ கட்டுரையாளரே சேர்த்துவைக்க வேண்டும்.

கட்டுரை வெளியான நாளில் வாழ்த்துச் செய்திகளுக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, பெயர்களின் எழுத்துக்கூட்டல், வரிசை, நிறுவன முகவரி, சுருக்கம் ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்போடு ஒப்பிடுங்கள்; டிஓஐ எண்ணைச் சொடுக்குங்கள்; மேற்கோள் வடிவத்தில் உங்கள் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். பிழை இருந்தால் உடனே இதழாசிரியருக்கு எழுதுங்கள். 2020இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, வெளியான கட்டுரையின் புதிய வடிவத்தை முந்தைய வடிவத்தை அழிக்காமலேயே வெளியிடும் வசதி ஓஜேஎஸ்ஸில் இருக்கிறது. விவரப் பிழைகளைத் திருத்தியபின் இதழாசிரியர் கிராஸ்ரெஃப்புக்கு மீண்டும் அனுப்பினால் அங்கும் பதிவு சரியாகிவிடும். கூகுள் ஸ்காலரில் மாற்றம் தெரிவதற்கு மட்டும் சற்றுக் காலம் பிடிக்கும்.